கல்லுக்கு முட்டுக் கொடுத்தவன்

உடைந்த எலும்பை டாக்டர் ஒட்டுவதில்லை. அது தானே ஒட்டிக்கொள்கிறது. முறிந்த இடத்தில் ரத்தம் உறைந்து கட்டும். அந்தக் கட்டிக்குள் நாரும் குருத்தெலும்பும் வளரும். பிறகு அதில் சுண்ணாம்புச் சத்து இறங்கிக் கெட்டிப்படும். அதற்கப்புறமும் மாதக்கணக்கில் உள்ளே வேலை நடந்து மேடு பள்ளமெல்லாம் சீராகும். கத்தி எடுக்காத வைத்தியத்தில் டாக்டருக்கு இருக்கும் வேலை, எலும்பை இழுத்து நேராக்கி, ஒட்டும்வரை ஆடாமல் பிடித்துவைப்பது. அதற்குக் கல்லும் கயிறும் மாவும் வைத்திருக்கிறார். அவரிடம் மருந்தே இல்லாத வியாதி ஒன்று உண்டு: கை சும்மா இருக்காத ஆள். நோயாளியாகவும், நோயாளிக்குத் துணை இருந்தவனாகவும் நான் அந்த வகை.

சென்ற மார்கழியில் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். வேறு ஊரென்றால் இதைச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். தமிழ்நாட்டில் ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்’ என்பதும் மாவுக்கட்டும் சேர்ந்தால் அதற்கு வேறு அர்த்தம். போலீஸ் பிடித்துப்போன ஆசாமி மறுநாள் கட்டுப்போட்ட கையோடு செய்தித்தாளில் நிற்பார்; காரணமும் கீழே அச்சாகியிருக்கும். எங்கள் பால்காரர் என் கையைப் பார்த்ததும், “எந்த ஸ்டேஷன் சார்?” என்றார். அன்றே கதையை மாற்றினேன். மாடி வீட்டுக்காரரிடம் ஸ்கூட்டர் சறுக்கிவிட்டது என்றேன். கோயிலில் பார்த்தவரிடம் குறுக்கே ஒரு நாயையும் ஓடவிட்டேன். என் மனைவி இருவரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டாள், ஸ்கூட்டரை விற்று வெகுநாளாகிறது என்பதையும் சேர்த்து.

உள்ளங்கையை ஊன்றி விழுந்தால் ரேடியஸ் எலும்பு மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஒடியும். ஒடிந்த துண்டு புறங்கைப் பக்கம் சாயும். டப்ளின் நகரத்து ஏபிரகாம் காலிஸ் 1814-இலேயே இந்த முறிவை விவரித்துவிட்டார். எக்ஸ்ரே வருவதற்கு இன்னும் 81 ஆண்டுகள் இருந்தன. பார்த்தும் தொட்டும் சொன்னதுதான். எனக்கோ, கை கண்ணெதிரே கோணிக் கிடந்தும் சுளுக்கு என்றே பட்டது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, தைலம் வேறு நன்றாக அழுத்தித் தேய்த்து ஒரு ராத்திரியை ஓட்டினேன். ஒடிந்த எலும்பின் மேல் தைலம் தேய்த்தால் எப்படி இருக்கும் என்று யாருக்காவது சந்தேகம் இருந்தால் என்னிடம் வரலாம்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு அந்த இடத்தை மரத்துப்போகச் செய்தார்கள். ஒருவர் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொள்ள, டாக்டர் என் விரல்களைப் பற்றி இழுத்தார். இழுப்பதற்கு முன்பே நான் அலறிவிட்டதால், இழுத்தபோது வலித்ததா என்பது நினைவில்லை.

கட்டு போட்ட தம்பி என்னிடம் பிளஸ் டூ படித்தவர். “சார்கிட்ட கெமிஸ்ட்ரியில ஃபெயிலானவன் சார்” என்று அறிமுகம் செய்துகொண்டார். கையைச் சுற்றிப் பஞ்சுப் பட்டையை உருட்டினார். மாவுச் சுருளை வாளித் தண்ணீரில் முக்கினார். குமிழி நின்றதும் எடுத்து, இரு முனையையும் பிடித்து லேசாகப் பிழிந்தார். சுற்றச் சுற்ற உள்ளங்கையால் தடவி வழவழப்பாக்கிக்கொண்டே போனார். விரல் நுனி படக் கூடாதாம். படும் இடத்தில் குழி விழும். காய்ந்தபின் அந்தக் குழி உள்ளே தோலை அழுத்திப் புண்ணாக்கும். மாவு இறுகும்வரை என் மணிக்கட்டைக் கீழ்நோக்கி வளைத்துப் பிடித்திருந்தார். கோணலாகவே இறுகிவிடுமே என்று பதறினேன். அந்தக் கோணல்தான் உடைந்த துண்டைத் திரும்பவும் சாயவிடாமல் தாங்குகிறது என்றார்.

ஐந்து நிமிஷத்தில் கட்டுக்குள் சூடு ஏறியது. “தம்பி, சுடுது! ஏதோ தப்பா கலந்துட்டீங்க, கழட்டுங்க!” என்று கத்தினேன்.

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். “ஜிப்சத்தைச் சூடு பண்ணினா அதுல இருக்கற தண்ணி போகும், திரும்பத் தண்ணி சேர்த்தா அந்தச் சூடு வெளிய வரும்னு நீங்கதானே சார் சொன்னீங்க?”

சொன்னேன்தான். பாரிஸ் சாந்துப் பாடத்தைப் பணிக்காலம் முழுக்க நடத்தியிருக்கிறேன். பெரம்பலூர் பக்கம் காரையின் செம்மண் சரிவுகளில் ஜிப்சம் பாளம் பாளமாக மின்னுவதைக் காட்டப் பிள்ளைகளை பஸ் பிடித்துக் கூட்டிப்போயிருக்கிறேன். அந்தக் கல்லிலுள்ள நீரில் முக்கால் பங்கை விரட்டினால் மாவு. நீரைத் திருப்பிக் கொடுத்தால் மறுபடியும் கல். இந்த மாவைத் துணிச் சுருளில் தேய்த்து வைத்துக்கொண்டால் போர்க்களத்திலும் கட்டு போடலாம் என்று 1851-இல் கண்டவர் டச்சு ராணுவ டாக்டர் அந்தோனியஸ் மத்தைசன். அதற்கு முன் கஞ்சிப் பசையில் நனைத்துக் கட்டியதெல்லாம் காய இரண்டு மூன்று நாளாகும். வகுப்பில் இதையும் சொல்லிக் கைதட்டல் வாங்கியவன் நான். பாடம் என் கைக்கே வந்தபோது நான் ஃபெயில், அவர் பாஸ்.

என் கோளாறு இந்தக் கட்டோடு தொடங்கியதல்ல. 1980-களில், நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, புளி உலுக்க மரமேறிய சித்தப்பா விழுந்து தொடை எலும்பை உடைத்துக்கொண்டார். இன்றைக்கென்றால் எலும்புக்குள் நீளக் கம்பியைச் செலுத்தி சீக்கிரமே எழுப்பி நடக்கவிடுகிறார்கள். குன்ட்ஷர் என்ற ஜெர்மன் டாக்டர் 1940 வாக்கிலேயே அதைத் தொடங்கிவிட்டார் என்றாலும், எங்களுக்கு வாய்த்த அரசு மருத்துவமனைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. அங்கே இருந்தது டிராக்‌ஷன். வார்டில் அந்தப் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள். “கல்லு கட்டியிருக்கு” என்பார்கள்.

சித்தப்பாவின் முழங்காலுக்குக் கீழே எலும்பின் குறுக்காக ஒரு இரும்புக் கம்பி ஓடியது. சுவிட்சர்லாந்து டாக்டர் ஃபிரிட்ஸ் ஸ்டெயின்மன் 1907-இல் கொண்டுவந்த ஏற்பாடு. அதன் இரண்டு கூர் முனைகளும் வருகிற போகிறவர்களைக் குத்தாமலிருக்க, காலியான ஊசி மருந்துக் குப்பிகளைக் கவிழ்த்து மாட்டியிருந்தார்கள். கம்பியைக் கவ்விய வளையத்திலிருந்து கயிறு கிளம்பி, கால்மாட்டிலிருந்த கப்பியில் ஏறி இறங்கியது. நுனியில் மூன்று செங்கல். கட்டிலின் கால்மாட்டையும் செங்கல் வைத்து உயர்த்தியிருந்ததால் சித்தப்பா தலை தாழ்ந்து கிடந்தார். ஒரு பக்கம் கல் இழுக்க, மறுபக்கம் சரிவில் அவர் உடம்பே இழுக்க, நடுவில் தொடை.

இது தண்டனை மாதிரி தெரிந்தாலும் கணக்குள்ள வேலை. தொடைத் தசை பலசாலி. எலும்பு ஒடிந்ததும் அது சுருண்டு, முறிந்த முனைகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றிவிடும், கால் குட்டையாகும். தசையோடு மல்லுக்கு நின்று ஜெயிக்க முடியாது. விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் அது களைத்து விட்டுக்கொடுக்கும். தோலில் பட்டை ஒட்டி இழுத்தால் 5 கிலோவுக்கு மேல் தோல் தாங்காது. அதனால்தான் எலும்பிலேயே கம்பி. அதில் உடம்பின் எடையில் ஏழில் ஒரு பங்கு அளவுக்குத் தொங்கவிடலாம். செங்கல் ஒன்று ஏறத்தாழ 3 கிலோ. சித்தப்பா அறுபது கிலோ ஆசாமி. கணக்கு சரியாக இருக்கிறது, பாருங்கள்.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் அவர் ராத்திரியில் முனகுவதுதான். சித்தி வீட்டுக்குப் போயிருந்த ஓர் இரவில், “டேய் தம்பி, இந்தக் கல்லு இழுக்கறது உயிர் போகுதுடா” என்றார். நர்ஸ் உட்காரும் ஸ்டூல் காலியாக இருந்தது. அதைச் சத்தமில்லாமல் நகர்த்திக் கல்லுக்கு அடியில் கொண்டுபோனேன். உயரம் கொஞ்சம் போதவில்லை. என் இயற்பியல் நோட்டையும் ஆய்வக ரெக்கார்டையும் மேலே அடுக்கினேன். கச்சிதமாகப் பொருந்தியது. கயிறு தொய்ந்தது. சித்தப்பா “அப்பாடா” என்றார். “நீ நல்லா இருப்பேடா” என்று ஆசீர்வாதமும் செய்தார். அந்த உற்சாகத்தில், பக்கத்துக் கட்டிலில் அதே மாதிரி கல் தொங்கிக்கொண்டிருந்த லாரி டிரைவரிடம், “அண்ணே, உங்களுக்கும் வைக்கட்டுமா?” என்று கேட்டேன்.

“வேணாம் தம்பி. எனக்கு மறுபடி வண்டி ஓட்டணும்” என்றார்.

விடிவதற்குள் எடுத்துவிடலாம் என்று நினைத்தவன் தூங்கிப்போனேன். காலை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் வந்து நின்றார். கல்லைப் பார்த்தார், ஸ்டூலைப் பார்த்தார், குனிந்து நோட்டின் மேல் எழுதியிருந்த என் பெயரையும் வகுப்பையும் படித்தார். “பி.எஸ்ஸியா? கல்லைக் கீழ வைக்கறதா இருந்தா நாங்க எதுக்குய்யா கயிறு கட்டினோம்?” என்றார். வார்டே சிரித்தது; சித்தப்பாவும்தான். எக்ஸ்ரே பார்த்துவிட்டு இன்னொரு கல்லைச் சேர்த்தார்கள். அந்த நாலாவது கல்லுக்கு சித்தப்பா என் பெயரை வைத்தார்.

கால் ஒட்டியது, கொஞ்சம் குட்டையாக. ஒரு சென்டிமீட்டர் குறைவதையெல்லாம் இந்த வைத்தியத்தில் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்று டாக்டர் தேற்றினார். அதில் என் பங்கு எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. இடது செருப்பின் அடியில் டயர்த் துண்டு ஒட்டிக்கொண்டு சித்தப்பா கடைசிவரை வயலுக்குப் போய்வந்தார். கல்யாண வீடுகளில் என்னை யாருக்காவது காட்டும்போது, “அண்ணன் மகன், கெமிஸ்ட்ரி வாத்தியார்” என்பதோடு நிறுத்தமாட்டார். “எனக்கு ஸ்டூல் போட்டது இவன்தான்” என்பதையும் சொன்னால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

பிற்பாடு லிவர்பூல் டாக்டர் ஹ்யூ ஓவன் தாமஸைப் (1834–1891) பற்றிப் படித்தபோது உள்ளுக்குள் கூசியது. தலைமுறை தலைமுறையாக எலும்பு கட்டும் நாட்டு வைத்தியக் குடும்பம் அவருடையது. அப்பா ஈவான் தாமஸ் பட்டம் வாங்காதவர். மகன் டாக்டருக்குப் படித்தும் குடும்பத் தொழிலின் சாரத்தை விடவில்லை. உடைந்த உறுப்புக்கு ஓய்வு கொடுத்தால் நடுவில் ஒரு நிமிஷம்கூடத் தளர்த்தக் கூடாது என்பது அவர் பிடிவாதம். அவர் செய்த இரும்புச் சட்டம், தாமஸ் ஸ்பிளிண்ட், முதல் உலகப் போரில் பெயர் வாங்கியது. அவருடைய மனைவி வழி உறவினரும் சீடருமான ராபர்ட் ஜோன்ஸ் அதைப் போர்முனை வரை கொண்டுபோனார். தொடை முறிந்த சிப்பாய்கள் தூக்கிச் செல்லும் வழியிலேயே ரத்தம் இழந்து சாவது வெகுவாகக் குறைந்தது. காலை ஆடவிடாமல் இழுத்துப் பிடித்ததுதான் காரணம். தாமஸ் மட்டும் அன்று எங்கள் வார்டுக்கு ரவுண்ட்ஸ் வந்திருந்தால் என்னையும் ஒரு சட்டத்தில் கட்டிப்போட்டிருப்பார்.

என் மணிக்கட்டு செய்தி தெரிந்ததும் அத்தை புறப்பட்டு வந்தார். வந்த கையோடு, “கழட்டிப் போட்டுட்டு புத்தூருக்குக் கிளம்பு” என்றார். திருப்பதி போகும் வழியில் ஆந்திர எல்லைக்குள் இருக்கும் புத்தூரைப் பற்றி நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் தப்பை. அந்தப் பெயரைப் பலகையில் எழுதிய கட்டு வைத்தியசாலை இல்லாத பேட்டை சென்னையில் குறைவு. எனக்கு அதில் ஒரு கருத்து உண்டு: பழகிய கை பெரிய விஷயம், ஆனால் எக்ஸ்ரே பார்க்காமல் இறுக்கிக் கட்டுவது ஆபத்து. இதை இரண்டு வரியில் சொல்லியிருக்கலாம். நான் அத்தைக்கு வகுப்பெடுத்தேன். தப்பையை இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று தசை செத்துப்போகும், விரலெல்லாம் உள்ளே சுருண்டுவிடும், 1881-இலேயே ஃபோல்க்மன் என்ற ஜெர்மானியர் எழுதிவைத்திருக்கிறார் என்று அடுக்கினேன். நெப்போலியன் படையின் தலைமை டாக்டர் லாரேயும் முட்டை வெள்ளைக்கருவில் நனைத்துத்தான் கட்டினார் என்பதையும், மூங்கில், அத்தி, அரசு மரப்பட்டைகளைத் தப்பையாக வைக்கச் சொல்வது சுசுருதர் என்பதையும் வசதியாக விட்டுவிட்டேன்.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். “அது சரிடா. உன் விரல் ஏன் நீலமா இருக்கு?”

இருந்தது. கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைக்கச் சொல்லியிருந்தார்கள். தூளி கட்டிக்கொண்டால் ஸ்டேஷன் ஆசாமி மாதிரி தெரிகிறது என்று அதைக் கழற்றிவிட்டுக் கையைத் தொங்கப்போட்டு உலாத்தியிருந்தேன். விரல் வீங்கி, விறுவிறுத்து, லேசாக மரத்தும் போயிருந்தது. இப்படி ஆனால், அதிலும் விரலை நீட்டியதும் வலி தாங்கவில்லை என்றால், ராத்திரியானாலும் ஓட வேண்டும்; விடியட்டும் என்று இருக்கக் கூடாது. அத்தைதான் ஆட்டோ பிடித்தார். கட்டை நீளவாக்கில் பிளந்து, உள்ளே பஞ்சையும் வெட்டித் தளர்த்தினார்கள். வீக்கம் வடிந்தபின் புதுக் கட்டு. திரும்பி வரும்போது அத்தை புத்தூர் பேச்சை எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் தேவலாம் போலிருந்தது.

பிறகு அரிப்பு. மாவுக்கட்டுக்குள் வேர்த்து, இறந்த தோல் உதிராமல் அப்படியே கிடக்கும்போது வரும் அரிப்பை அனுபவித்தவர்கள் அறிவார்கள். உள்ளே எதையும் விடக் கூடாது, பவுடர் கொட்டக் கூடாது, நனைக்கக் கூடாது என்று சீட்டில் அச்சடித்தே கொடுத்திருந்தார்கள். நான் பவுடர் கொட்டினேன். அது வேர்வையில் உருண்டு அரிப்பை இரட்டிப்பாக்கியது. விசிறிக் காம்பு நுழையவில்லை. துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி ஒன்றை உருவி விட்டேன். ஆகா! முழங்கைக்குக் கீழே அந்த ஓர் இடத்தை எட்டியபோது கண் சொருகியது. அடுத்த இழுப்பில் குச்சி ஒடிந்து பாதி உள்ளேயே தங்கிவிட்டது. வீட்டில் சொல்லவில்லை. புண்ணாகிச் சீழ் வைத்துவிடுமோ என்ற பயத்தில் ராத்திரியெல்லாம் கட்டின் வாயை மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

குச்சி விட்டு உள்ளே குடைந்த நான், வெளியே இருந்த விரல்களை மட்டும் விரதம் காப்பதுபோல் அசைக்காமல் வைத்திருந்தேன். எலும்பு ஆடக் கூடாது என்று சொன்னார்களே! 1925-இல் வியன்னாவில் விபத்து மருத்துவமனை தொடங்கிய லோரென்ஸ் போலர் இந்த வைத்தியத்துக்கே சட்டம் எழுதியவர்களில் ஒருவர். கட்டுக்குள் இருப்பது துளியும் அசையக் கூடாது, கட்டுக்கு வெளியே இருக்கும் மூட்டுகளோ முதல் நாளிலிருந்தே அசைய வேண்டும் என்று நோயாளிகளை விரட்டியவர். விரலை மடக்கி நீட்டுங்கள், தோளைச் சுற்றுங்கள் என்று டாக்டர் எனக்கும் சொல்லியிருந்தார். ஆட்ட வேண்டியதை ஆட்டவில்லை, தொடக் கூடாததைத் தொட்டேன். ஆட்டுக்கால் சூப்பையும் பிரண்டைத் துவையலையும் மட்டும் சொன்னதற்கு மேலேயே பின்பற்றி, இடுப்பில் ஒரு சுற்று போட்டேன்.

கட்டு பிரிக்கும் நாள் அதே மாணவத் தம்பி கட்டரோடு வந்தார். அதன் வட்டத் தகடு சுழல்வதில்லை. இப்படியும் அப்படியும் வேகமாக அதிரும். கெட்டியான மாவை அறுக்கும். தோல் கூடவே அசைந்துகொடுப்பதால் வெட்டுவதில்லை. ஹோமர் ஸ்டிரைக்கர் என்ற அமெரிக்க எலும்பு டாக்டர் 1940-களில் செய்த கருவி. தம்பி தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டியும் நான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தேன். “சார், செவுரு வந்துடுச்சு, இதுக்கு மேல போக முடியாது” என்றார்.

கட்டு இரண்டாகப் பிளந்தது. வெளுத்து, செதில் செதிலாக, வேறு யாருடையதோ போன்ற ஒரு கை. கூடவே பவுடர் உருண்டைகள், ஈர்க்குச்சி. தம்பி குச்சியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இது சிலபஸ்லயே இல்லையே சார்.”

எலும்பு நன்றாக ஒட்டியிருந்தது. விரல்கள்தான் மடங்கவில்லை, தோள் தூக்கவில்லை. பிசியோதெரபி அறையில் ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னார்கள். பக்கத்து நாற்காலியில் ஒரு எட்டு வயதுப் பையன் முழங்கை உடைந்து ஒட்டி வந்திருந்தான். “தாத்தா, உங்களுக்கு ஏன் அமுங்கவே மாட்டேங்குது?” என்று தன் பந்தை நசுக்கிக் காட்டினான். சின்ன வயதில் எலும்பு பெரியவர்களைவிடச் சீக்கிரம் ஒட்டும் என்று அவனுக்கு விஞ்ஞானம் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் எழுந்து போய்விட்டான்.

இப்போது கை எல்லா வேலையும் செய்கிறது, கையெழுத்தைத் தவிர. நான் கொடுத்த காசோலை கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வந்தது. வங்கிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் பழைய அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “பரவாயில்லை சார், புதுசா மாதிரிக் கையெழுத்து போட்டுக் கொடுங்க, மாத்திடலாம்” என்று படிவத்தை நீட்டினார். மூன்று கட்டங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டேன். அவர் படிவத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சார், மூணும் ஒரே ஆள் போட்ட மாதிரி போடுங்க சார்.”